‘ரன்’ என்ற ஒரு சொல்லுக்கு எத்தனை வேலை?

கேள்வி இதுதான்: “ரன் என்றால் ஓடு என்று பள்ளியில் படித்தோம். ஆனால் ஆங்கிலத்தில் மூக்கு ரன் ஆகிறது, சாயம் ரன் ஆகிறது, ஒருவர் தேர்தலில் ரன் செய்கிறார், இன்னொருவர் கம்பெனியை ரன் செய்கிறார், வங்கிக்கு ரன் வருகிறது. இவற்றுக்குப் பொதுவாக ஏதாவது உண்டா? எந்த இடத்தில் எந்த மாற்றுச் சொல்லைப் போடுவது?”

பொதுவாக ஒன்று உண்டு. அதைப் பிடிப்பது தமிழ் பேசுகிறவர்களுக்குக் கொஞ்சம் சுலபம்கூட. ஏனென்று சொல்கிறேன். அதற்கு முன்னால், இந்தச் சொல் எவ்வளவு பெரியது என்பதைப் பார்த்துவிடலாம்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் வந்தபோது அதில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்குத்தான் இருந்தது. பிறகு அகராதியை அடியிலிருந்து திருத்தி எழுதத் தொடங்கினார்கள். ‘ரன்’ முறை வந்தபோது பீட்டர் கில்லிவர் என்ற தொகுப்பாளர் ஏறத்தாழ 9 மாதம் இந்த ஒரு சொல்லோடே உட்கார்ந்தார். வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள் வந்ததாக 2011-இல் செய்தி வெளியானது. பெயர்ச்சொல்லாக வருபவை இந்தக் கணக்கில் சேராது.

645 என்றதும் மலைக்க வேண்டாம். அகராதிக்காரர்கள் நூலைப் பிரிப்பதுபோல் நுணுக்கமாகப் பிரிப்பவர்கள். கப்பல் ஓடுவது ஒன்று, காற்றோடு கப்பல் ஓடுவது இன்னொன்று என்று தனித்தனியாக எண் போடுவார்கள். நமக்கு வேண்டியது அந்த நூல்களெல்லாம் எந்த முடிச்சிலிருந்து கிளம்புகின்றன என்பதுதான்.

முடிச்சு பழைய ஆங்கிலத்தில் இருக்கிறது. அங்கே ‘ரின்னன்’ என்றொரு வினை இருந்தது. ஆள் ஓடுவதற்கும் அதுதான், தண்ணீர் பாய்வதற்கும் அதுதான். ஓடவைப்பது, குதிரையை விரட்டுவது போன்றவற்றுக்கு ‘ஏர்னன்’ என்று வேறொரு வினை இருந்தது. வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்களின் நார்ஸ் மொழியிலும் இதே மாதிரி ஒரு ஜோடி இருந்தது. நூற்றாண்டுகள் போகப்போக எல்லாம் உருக்குலைந்து, ஒன்றோடொன்று கலந்து, ‘ரன்’ என்ற ஒரே சொல்லாக நின்றுவிட்டது. ஜெர்மன் மொழியில் ‘ரின்னன்’, ‘ரென்னன்’ என்று இரண்டும் இன்றும் தனித்தனியாக உள்ளன. முதலாவது நீர் கசிந்து ஓடுவதைக் குறிக்கிறது. இரண்டாவது ஆதியில் ‘ஓடச்செய்’ என்று பொருள்பட்டது, இப்போது வேகமாக ஓடுவதைக் குறிக்கிறது.

இங்கேதான் தமிழ் கைகொடுக்கிறது. ஓடு, ஓட்டு. ஆடு, ஆட்டு. கூடு, கூட்டு. தன்வினை, பிறவினை என்று இலக்கண வகுப்பில் படித்தது நினைவிருக்கலாம். ஆங்கிலம் கலந்துவிட்ட இரண்டையும் தமிழ் இன்றுவரை தனித்தனியாக வைத்திருக்கிறது. ஆகவே ‘ரன்’ வரும் வாக்கியத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது ஓடுவதா, ஓட்டுவதா? அதாவது ‘ரன்’னுக்குப் பின்னால் ‘எதை’ என்ற கேள்விக்கு விடை இருக்கிறதா, இல்லையா? இதைக் கேட்டாலே பாதிக் குழப்பம் போய்விடும்.

முதலில் ஓடுவதைப் பார்ப்போம். ஓடுவது என்றால் கால் வேண்டும் என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். தண்ணீருக்கு இந்தச் சொல் பழைய ஆங்கிலத்திலேயே உரியது, பிறகு வந்து ஒட்டிக்கொண்ட உருவகம் அல்ல. ஆறு ரன் ஆகிறது, குழாய் ரன் ஆகிறது, கண்ணீர் கன்னத்தில் ரன் ஆகிறது, மூக்கு ரன் ஆகிறது எல்லாம் இந்தக் குடும்பம். மாற்றாக ‘ஃப்ளோ’ போடலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. ஆறு ‘ஃப்ளோ’ ஆகும், மூக்கு ஆகாது. மெல்லிய கோடாக இறங்கினால் ‘ட்ரிக்கிள்’, கொட்டினால் ‘போர்’, சொட்டினால் ‘டிரிப்’. துணியின் சாயம் ‘ரன்’ ஆவதும் இதே வகைதான். தண்ணீரில் கரைந்து பக்கத்துத் துணிக்குப் பரவுவது அது. வெயிலில் வெளுத்துப்போவதற்கு ‘ஃபேட்’. நாம் இரண்டையுமே ‘சாயம் போச்சு’ என்று சொல்லிவிடுவதால் ஆங்கிலத்தில் எழுதும்போது இது இடறும்.

ஒரு சின்னத் தகவல்: பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி செய்யச் சேர்க்கும் பொருளை ஆங்கிலத்தில் ‘ரென்னெட்’ என்பார்கள். அதுவும் ‘ரன்’னின் உறவுக்காரச் சொல்தான் என்று சொல்லாராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

அடுத்து, எந்திரம். தொழிற்புரட்சி வந்து ஆலைகளும் ரயில்களும் பெருகியபோது அவை வேலை செய்வதற்கு ஒரு சொல் தேவைப்பட்டது. நிற்காமல், தானாக, தொடர்ந்து நகர்வதற்கு ‘ரன்’ ஏற்கெனவே கையில் இருந்தது. எந்திரம் ரன் ஆகிறது, ரயில் ரன் ஆகிறது, கடைசியில் கணினி நிரலும் ரன் ஆகிறது. ‘ரன்’ இவ்வளவு பெருத்ததற்கு எந்திர யுகம் ஒரு முக்கியக் காரணம் என்று சொல்வார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது. இங்கே மாற்றுச் சொற்கள் ‘ஒர்க்’, ‘ஃபங்ஷன்’, ‘ஆபரேட்’. ஆனால் ‘ஒர்க்’குக்கும் ‘ரன்’னுக்கும் வேறுபாடு உண்டு. மின்விசிறி ‘ஒர்க்’ ஆகிறது என்றால் பழுதில்லை என்று பொருள், அந்த நேரத்தில் அது நின்றுகொண்டும் இருக்கலாம். ‘ரன்னிங்’ என்றால் இப்போது சுற்றிக்கொண்டிருக்கிறது. தமிழில் ‘வேலை செய்யுது’, ‘ஓடுது’ என்பவற்றுக்கு நடுவே உள்ள அதே வேறுபாடு.

அப்புறம், நகராமலே ஓடுபவை. சாலை ஆற்றங்கரையை ஒட்டி ரன் ஆகிறது. சுவரில் விரிசல் மேலிருந்து கீழே ரன் ஆகிறது. அறிக்கை 40 பக்கத்துக்கு ரன் ஆகிறது. ஒப்பந்தம் 3 ஆண்டுக்கு ரன் ஆகிறது. சாலையோ விரிசலோ அசைவதில்லை. பார்க்கிறவரின் கண்தான் அதன்மேல் ஓடுகிறது. சாலைக்கு ‘எக்ஸ்டெண்ட்’ அல்லது ‘ஸ்ட்ரெட்ச்’ பொருந்தும். ஒப்பந்தத்துக்கு அவை பொருந்தாது, ‘லாஸ்ட்’ அல்லது ‘இஸ் வேலிட் ஃபார்’ என்றுதான் எழுத வேண்டும். குணமோ நோயோ ‘ரன்ஸ் இன் தி ஃபேமிலி’ என்பதும் இந்தத் தொடர்ச்சிதான். ரத்தத்திலேயே ஓடுகிறது என்று நாமும் சொல்கிறோமே.

இன்னொரு சின்ன வகை இருக்கிறது. அதில் ‘ரன்’னுக்கு ‘ஆகிவிடு’ என்ற பொருள் மட்டும்தான் மிஞ்சும். கிணறு ‘ரன்ஸ் டிரை’, வறண்டுபோகிறது. கையிருப்பு ‘ரன்ஸ் லோ’, குறைகிறது. கூட்டம் ‘ரன்ஸ் லேட்’, தாமதமாகிறது. இங்கே ‘பிகம்’, ‘கோ’, ‘கெட்’ போன்றவை அர்த்தத்தில் நெருங்கி வரும். ஆனால் இவை ஜோடியாகவே பழகிப்போன சொற்கள், அப்படியே மனத்தில் வைத்துக்கொள்வதுதான் நல்லது.

சரி, ஓட்டுவதற்கு வருவோம். தமிழர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான்.

ஒருவர் பள்ளியை ரன் செய்கிறார், உணவகத்தை ரன் செய்கிறார், துறையை ரன் செய்கிறார். தமிழில் இதற்கு ‘நடத்து’ என்கிறோம். பாருங்கள், ஆங்கிலம் ஓட்டுகிறது, தமிழ் நடக்கவைக்கிறது. இதற்கான மாற்றுச் சொற்களில் ‘மேனேஜ்’, ‘ஹெட்’, ‘அட்மினிஸ்டர்’, ‘ஆபரேட்’ எல்லாம் வரும். ஒன்றுக்கொன்று எடை வேறு. ‘ஹெட்’ என்றால் தலைமைப் பதவியில் இருக்கிறார், அன்றாட வேலையைத் தொட்டுப் பார்க்காதவராகவும் இருக்கலாம். ‘மேனேஜ்’ என்றால் மேலே இன்னொருவர் இருக்கக்கூடும். ‘அட்மினிஸ்டர்’ அரசு அலுவலக வாடை அடிக்கும் சொல். அறக்கட்டளை நிதிக்குப் பொருந்தும், டீக்கடைக்குப் பொருந்தாது. ‘ரன்’ என்றால் கடிவாளம் உண்மையில் யார் கையில் இருக்கிறதோ அவர். அதனால்தான் ஒரு நிறுவனத்தில் பதவி ஒருவருக்கு இருக்க, ‘ஆனால் அதை ரன் செய்வது இன்னொருவர்’ என்று ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் சொல்ல முடிகிறது. உரிமையாளர் என்ற பொருள் மட்டும் இதில் இல்லை. அதற்கு ‘ஓன்’ தனியாக வேண்டும்.

இப்போது அந்தத் தடுக்கி விழும் இடத்துக்கு வருகிறேன். தமிழில் வண்டியை ஓட்டுகிறோம். ‘ஓட்டு’க்குச் சமம் ‘ரன்’ என்று வைத்துக்கொண்டு, “ஐ ரன் எ கார்” என்று சொன்னால் கேட்கிறவர் வேறொன்றைப் புரிந்துகொள்வார். காரை வைத்துப் பராமரிக்கிறேன், பெட்ரோல், காப்பீடு, பழுது எல்லாச் செலவையும் தாங்குகிறேன் என்பது அதன் பொருள். ஸ்டியரிங் பிடிப்பதற்கு ‘டிரைவ்’. இருசக்கர வண்டிக்கும் குதிரைக்கும் ‘ரைட்’. விமானத்துக்கு ‘ஃப்ளை’. துடுப்புப் படகுக்கு ‘ரோ’. நாம் ஓட்டு என்ற ஒரு சொல்லால் சமாளிப்பதை ஆங்கிலம் நாலைந்தாகப் பிரித்துவிட்டது. ‘பஸ்ஸை ரன் செய்கிறது’ என்பதும் உண்டு, ஆனால் அதன் எழுவாய் போக்குவரத்துக் கழகம், ஓட்டுநர் அல்ல.

சிவப்பு விளக்கை ‘ரன்’ செய்வது என்றால் நிற்காமல் கடந்துபோவது. இது அமெரிக்க வழக்கு. பிரிட்டனில் விளக்கை ‘ஜம்ப்’ செய்வார்கள்.

பத்திரிகை ஒரு செய்தியை ரன் செய்கிறது, அதாவது வெளியிடுகிறது. ‘பப்ளிஷ்’ அல்லது ‘கேரி’ போடலாம். மருத்துவர் சோதனைகளை ரன் செய்கிறார், அங்கே ‘டூ’, ‘கண்டக்ட்’, ‘பெர்ஃபார்ம்’. காய்ச்சலை ரன் செய்வது ‘ஹேவ்’தான். ஆபத்தை ரன் செய்வது ‘டேக்’குக்குக் கிட்டே வரும், ஆனால் ஒன்றல்ல. ‘டேக் எ ரிஸ்க்’ தெரிந்தே இறங்குவது. ‘ரன் தி ரிஸ்க்’ என்பதில் ஆபத்து தானாக வந்து சேரும் வாய்ப்பும் அடங்கும்.

காலால் ஓடுவதற்கான மாற்றுச் சொற்களைத்தான் பலரும் முதலில் தேடுகிறார்கள். பட்டியல் நீளம், ஆனால் எதுவும் முழு மாற்று அல்ல. ‘ஜாக்’ என்பது உடற்பயிற்சிக்காக மெதுவாக ஓடுவது. ‘ஸ்பிரிண்ட்’ குறைந்த தூரத்தில் முழு வேகம். 2009-இல் பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 வினாடியில் கடந்தது ஸ்பிரிண்ட். அவர் பெயரான ‘போல்ட்’டே ஒரு மாற்றுச் சொல் என்பது வேடிக்கை. ஆனால் அது மிரண்டு திடீரென்று பிய்த்துக்கொண்டு ஓடுவதைக் குறிக்கும், பெரும்பாலும் குதிரைக்கு. ‘டேஷ்’ சட்டென்று ஒரு காரியத்துக்காக ஓடுவது, ‘டார்ட்’ அம்புபோல் விருட்டென்று பாய்வது. ‘ஸ்கரி’ என்றால் எலி மாதிரி குட்டிக்கால்களை வேகமாக வைத்துப் பரபரப்பது, மதிப்பான ஆளுக்குப் போட்டால் கிண்டல் ஆகிவிடும். ‘ஃப்ளீ’ ஆபத்திலிருந்து தப்பி ஓடுவது. அதற்கு வேகம்கூட முக்கியமில்லை, விமானத்தில் நாட்டைவிட்டுப் போனாலும் ‘ஃப்ளீ’தான். மாற்றுச்சொல் அகராதியில் இவை ஒரே வரியில் கமா போட்டு நிற்கும். அதை நம்பி ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் வாக்கியம் நொண்டும்.

பெயர்ச்சொல்லாக வரும்போது நான் முதலில் சொல்ல விரும்புவது ‘பேங்க் ரன்’. ஒரு வங்கி நொடிக்கப்போகிறது என்று செய்தி பரவியதும், போட்ட பணத்தை எடுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடிவருவது. 2007-இல் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கியின் வாசலில் மக்கள் வரிசையில் நின்ற படங்கள் உலகம் முழுக்கப் பரவின. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றார்கள். மறுநாள் வங்கி மூடப்பட்டது. பெரும்பாலானோர் கைப்பேசியிலும் கணினியிலும்தான் எடுத்தார்கள். காலால் ஓடியவர் அரிது, சொல் மட்டும் அப்படியே நிற்கிறது.

கிரிக்கெட்டிலும் இதே கதை. விக்கெட்டுக்கு விக்கெட் ஓடியதால் ரன். பழைய நாளில் கணக்கு வைத்தவர்கள் ஒரு கம்பில் வெட்டுக் குறி போட்டு எண்ணியதால் அதை ‘நாட்ச்’ என்றே சொன்னார்கள். இன்று ஒரு அடி கூட ஓடாமல் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் 4 ரன். பேஸ்பாலிலும் பந்தை வெளியே அடித்துவிட்டு ‘ஹோம் ரன்’ என்று நிதானமாக ஓடுவார்கள்.

மற்ற பெயர்ச்சொற்களை வேகமாகப் பார்த்துவிடலாம். நாடகத்தின் ‘ரன்’, அது மேடையில் தொடர்ந்த காலம். ‘பிரிண்ட் ரன்’, ஒரு தடவையில் அச்சடித்த பிரதிகள். அதிர்ஷ்டத்தின் ‘ரன்’, தொடர்ச்சி. ‘சிக்கன் ரன்’, கோழிகள் உலவ அடைத்துவிட்ட இடம். காலுறையில் ‘ரன்’, இழை அவிழ்ந்து நீளும் கிழிசல். ‘ட்ரையல் ரன்’னுக்குத் தமிழில் அச்சு அசலாக ஒரு சொல் உண்டு, வெள்ளோட்டம். ‘தி ரன்ஸ்’ என்று பன்மையில் வந்தால் வயிற்றோட்டம். இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று கேட்காமலே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ‘ஆன் தி ரன்’ தலைமறைவு. ‘இன் தி லாங் ரன்’ காலப்போக்கில். ‘ரன் ஆஃப் தி மில்’ சர்வசாதாரணமானது. ஆலையிலிருந்து வந்தபடியே, தரம் பிரிக்காமல் இருக்கும் சரக்கைக் குறித்த தொடர் அது.

தேர்தல் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இது நாடு பார்த்து மாறும். அமெரிக்காவில் வேட்பாளர் ‘ரன்’ செய்வார், பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ செய்வார். அங்கே ஓடுகிறார், இங்கே நிற்கிறார். தமிழில் நாமும் தேர்தலில் நிற்கத்தான் செய்கிறோம். பொதுவாக எழுதினால் ‘கன்டெஸ்ட்’ இரண்டுக்கும் நடுவே பாதுகாப்பான சொல்.

‘ரன்’னோடு சின்னச் சொல் சேரும்போது பொருள் தாவிவிடும். எல்லாவற்றையும் இங்கே போட இடம் போதாது, குழப்புபவற்றை மட்டும் சொல்கிறேன். ‘ரன் இன்டூ’வுக்கு எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது, ஒன்றின்மேல் மோதுவது என இரண்டு பொருள். காரில் போகும்போது நண்பரை ‘ரன் இன்டூ’ செய்தேன் என்று எழுதுவதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள், ‘மெட்’ என்பதே மேல். ‘ரன் ஓவர்’ என்றால் வண்டி ஏறிவிட்டது என்றும் இருக்கலாம், கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டிவிட்டது என்றும் இருக்கலாம். ‘ரன் டவுன்’ ஒருவரைக் குறைத்துப் பேசுவது, மின்கலம் தீர்ந்துபோவது, கட்டடம் சீரழிந்து கிடப்பது. அதையே ஒட்டி ‘ரன்டவுன்’ என்று பெயர்ச்சொல்லாக எழுதினால் சுருக்க விவரம். ‘ரன் அவுட் ஆஃப்’ தீர்ந்துபோவது, இதில் ‘ஆஃப்’பை விட்டால் கிரிக்கெட் வாசனை வந்துவிடும். ‘ரன் அப்’ கடனை ஏற்றிக்கொள்வது. அலுவலகங்களில் அடிக்கடி கேட்கும் ‘ரன் இட் பை ஹெர்’ என்பதற்கு, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு என்று பொருள். முறையான ஒப்புதல் வாங்குவது வேறு, அதற்கு ‘அப்ரூவல்’ என்றே எழுத வேண்டும்.

‘ரன் எமாக்’ என்பதில் வரும் ‘எமாக்’ மலாய் மொழியிலிருந்து வந்தது. வெறிபிடித்துத் தாக்குவது என்பது அதன் மூலப்பொருள். ‘ரன் தி கான்ட்லெட்’ இன்னும் விசித்திரம். இரு வரிசையாக நின்று அடிப்பவர்களின் நடுவே ஓடவைக்கும் தண்டனைக்கு ஸ்வீடிஷ் மொழியில் ‘காட்லோப்’ என்று பெயர். அது ஆங்கிலக் காதில் சிதைந்து, இரும்புக் கையுறையைக் குறிக்கும் ‘கான்ட்லெட்’டோடு குழம்பிவிட்டது. கையுறைக்கும் அந்த ஓட்டத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

எதிர்த்திசையிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். நம் ‘ஓடு’ போகிற இடமெல்லாம் ‘ரன்’ போகாது. தலைக்குள் ஒன்றும் ஓடவில்லை என்பதை ‘மை ஹெட் இஸ் நாட் ரன்னிங்’ என்று எழுதினால் யாருக்கும் புரியாது, ‘ஐ கான்ட் திங்க்’ போதும். நாள் ஓடிவிட்டது என்றால் ஆங்கிலத்தில் நாள் பறக்கும், ‘ஃப்ளை’. வியாபாரம் நன்றாக ஓடுகிறது என்றால் ‘டூயிங் வெல்’. ஒருவனை நண்பர்கள் ஓட்டினால் ‘டீஸ்’. கண்ணோட்டம் என்ற சொல் திருக்குறளில் ஒரு அதிகாரத்துக்கே தலைப்பு, அங்கே அதன் பொருள் இரக்கம். இன்றைக்கு அது பார்வைக் கோணம். ‘ஓடு’வும் சும்மா இருந்ததில்லை. ஆனால் கூரை ஓட்டையும் ஆமை ஓட்டையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. அது ஒலியில் மட்டும் ஒத்த வேறு சொல். ‘ரன்’னின் 645-ம் அப்படிப்பட்ட வேறுவேறு சொற்கள் அல்ல, ஒரே சொல்லின் கிளைகள்.

கடைசியாக, பொருளைவிட அதிகம் பிழை வருவது வடிவத்தில். ரன், ரேன், ரன். நேற்று ஓடினான் என்றால் ‘ரேன்’. ‘ஹேவ்’, ‘ஹேட்’ முன்னால் வந்தால் மறுபடி ‘ரன்’தான். ‘ஹேட் ரேன்’ என்று பேச்சில் ஆங்கிலேயர்களே சொல்வதைக் கேட்கலாம். அதை அப்படியே விண்ணப்பக் கடிதத்தில் எழுதிவிட வேண்டாம். ‘தி ஸ்கூல் இஸ் ரன் பை எ டிரஸ்ட்’ என்பதிலும் ‘ரன்’தான், ‘ரேன்’ அல்ல.